சர்வர் எழுந்து வர்ற வரைக்கும் காத்திருக்கறது யார்?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் பத்து லினக்ஸ் மெஷின் வெச்ச ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனின்னு வெச்சுக்கோங்க. எல்லாரோட ஃபைலும் ஒரே சர்வர்ல. கரண்ட் போகுது. மெஷின்களுக்கு யுபிஎஸ் இருக்கு, சர்வரோட யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கு. சர்வர் ஆஃப். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வருது. நடுவுல நீங்க சேவ் பண்ணினது என்ன ஆச்சு?

இந்தக் கேள்விக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-லயே யோசிச்சு ஒரு பதில் வெச்சாங்க. அதுதான் என்.எஃப்.எஸ். அதோட அடிப்படை ரொம்ப சிம்பிள்: சர்வர் யாரையும் ஞாபகம் வெச்சுக்காது. எந்த ஃபைல், எந்த இடத்துல இருந்து, எத்தனை பைட்னு ஒவ்வொரு கோரிக்கையிலயும் க்ளையன்ட்டே முழுசா சொல்லணும். அதனால சர்வர் விழுந்து எழுந்தா, க்ளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினாப் போதும். விழுந்த சர்வரும் மெதுவான சர்வரும் க்ளையன்ட்டுக்கு ஒண்ணுதான்.

அப்போ எவ்வளவு நேரம் திரும்பத் திரும்ப அனுப்பறது? அங்கதான் ஹார்டு மவுண்ட், சாஃப்ட் மவுண்ட் வருது. நாமக்கல் லாரி ஒண்ணு லோடோட போகுது, குடோன் பூட்டியிருக்கு. ஹார்டு மவுண்ட் டிரைவர் கேட் முன்னாடியே வண்டியப் போட்டுட்டுக் காத்திருப்பார். சாஃப்ட் மவுண்ட் டிரைவர் நாலு தடவை ஹார்ன் அடிச்சுப் பார்த்துட்டு, "ஆகலைங்க"ன்னு கிளம்பிடுவார்.

லினக்ஸ்ல ஹார்டுதான் டிஃபால்ட். ஆனா சர்வர் இல்லாதப்ப ப்ரோக்ராம் அப்படியே உறைஞ்சு நிக்கும். கடுப்பாகி நிறையப் பேர் சாஃப்டுக்கு மாத்திடறாங்க. அப்புறம் என்ன ஆகும்? எழுதற நடுவுல எரர் வரும். அந்த எரரை செக் பண்ணாத ப்ரோக்ராம், பாதி எழுதின ஃபைலை முழுசுன்னு நம்பிப் போயிட்டே இருக்கும். சத்தமில்லாம டேட்டா கெடலாம்னு லினக்ஸ் மேனுவல்லயே எச்சரிக்கை இருக்கு.

அடுத்தது, 1995-ல வந்த மூணாவது வெர்ஷன். வேகத்துக்காக, சர்வர் டேட்டாவை மெமரில வாங்கிக்கிட்டு "வந்துடுச்சு"ன்னு மட்டும் சொல்லலாம். ஆனா கமிட் ஆகற வரைக்கும் க்ளையன்ட் தன் காப்பியைத் தூக்கிப் போடக் கூடாது. கையெழுத்து வாங்காம பில் காப்பியைக் கிழிக்க மாட்டோம் இல்லையா, அதே மாதிரி. சர்வர் தர்ற பதில்ல ஒரு அடையாள எண் இருக்கும். ரீஸ்டார்ட் ஆனா அந்த எண் மாறிடும். கமிட் பண்ணும்போது எண் வேற மாதிரி இருந்தா, க்ளையன்ட் புரிஞ்சுக்கிட்டு டேட்டாவை மறுபடி அனுப்பிடும்.

இதையும் ஒரே வார்த்தைல கெடுக்கலாம்: சர்வர் செட்டிங்ல 'அசிங்க்'. அது போட்டா டிஸ்க்ல எழுதறதுக்கு முன்னாடியே சர்வர் "எழுதிட்டேன்"னு சொல்லிடும். க்ளையன்ட் நம்பி காப்பியை விட்டுடும். அப்போ கரண்ட் போனா மறுபடி அனுப்ப யார்கிட்டயும் எதுவும் இல்லை.

லாக் விஷயம் கொஞ்சம் வேற. நாலாவது வெர்ஷன்ல யார் எந்த லாக் வெச்சிருக்காங்கன்னு சர்வர்தான் பார்த்துக்குது. ரீஸ்டார்ட் ஆனதும் லினக்ஸ் சர்வர் வழக்கமா 90 செகண்ட் அவகாசம் தரும். பழைய ஆட்கள் மட்டும் தங்க லாக்கைத் திரும்பக் கேக்கலாம், புதுசா யாருக்கும் கிடையாது. சர்வர் வந்தும் ஒண்ணரை நிமிஷம் ஃபைல் திறக்கலைன்னா பதறி இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. அவகாசம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

ஆக, சர்வரைக் காப்பாத்தறது க்ளையன்ட்டோட பொறுமைதான். திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் மூணே மூணு பாருங்க: மவுண்ட் ஹார்டா, எக்ஸ்போர்ட் 'சிங்க்'கா, சர்வருக்கும் நடுவுல இருக்கற ஸ்விட்ச்சுக்கும் யுபிஎஸ் இருக்கா. மூணாவதுதான் பெரும்பாலும் இருக்காது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.