புது நர்சுகளுக்குக் கை கொடுப்போம்!

(தொழிற்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மில் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகளும் இன்று நர்சுப் படிப்புக்குப் போகிறார்கள். டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்ஸி. நான்கு ஆண்டு. கம்மலை அடகு வைத்துப் படிக்க வைக்கிறோம். பரீட்சை தேறியதும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அங்கேதான் புதுக் கஷ்டம் ஆரம்பமாகிறது!

ஆசிரியை பக்கத்தில் நிற்க ஊசி போடக் கற்ற பெண், வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே இரவு ஷிப்டில் ஒரு வார்டுக்கே தனியாகப் பொறுப்பேற்கிறாள். ஒரு கட்டிலில் குளுக்கோஸ் தீர்கிறது. இன்னொன்றில் மூச்சுத் திணறல். டாக்டரை எழுப்பலாமா, ஏசுவாரா என்ற பயம் வேறு! போதனா ஆஸ்பத்திரிப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. எந்த வார்டில் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள்?

மில்லில் புதுப் பையனை முதல் நாளே தனியாகச் சைடு பார்க்க விடுவோமா? கைதேர்ந்தவர் பக்கத்தில் நிறுத்தி, அறுந்த நூலைப் பிணைக்கப் பழக்குகிறோம். நூல் அறுந்தால் பிணைத்துக் கொள்ளலாம். உயிர் போனால்?

ஆகவே, முதல் சில மாதங்கள் புது நர்சை அனுபவமுள்ள நர்சோடு ஒரே ஷிப்டில் போட வேண்டும். பழகும் காலத்திற்கும் முழுச் சம்பளம் தர வேண்டும். சொல்லிக் கொடுக்கும் மூத்த நர்சுக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி ஷரத்தை விட்டுவிட்டால் முதல் ஷரத்து வெறும் பேச்சுதான். மூத்தவர்கள் எரிந்து விழுகிறார்கள் என்று குறை சொல்கிறார்கள். அவர்கள் தலையில் இரண்டு பேர் வேலை!

சம்பள விஷயம் இன்னும் மோசம். 2015இல் தமிழ்நாட்டு அரசு பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்சுகளுக்கே மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. சுப்ரீம் கோர்ட்டின் 2016 உத்தரவுப்படி அமைந்த கமிட்டி, சிறிய தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரள நர்சுகள் போராடி, 2018இல் அதை அரசாணையாகவே பெற்றார்கள்.

வேலைக்குச் சேரும்போது அசல் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளிகள் உண்டு. உங்கள் வீட்டுப் பெண் பாண்டில் கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தோடு சங்க ஆபீசுக்கு வரட்டும். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் கை நடுங்கும் புது நர்சைக் கண்டால் திட்டாதீர்கள். “பெரிய நர்சம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளம்மா, நாங்கள் காத்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள்.