"பழகிடும்" என்று சொல்லாதீர்கள்

(நர்சிங் முடித்து முதல் வேலைக்குச் செல்லும் தங்கைகளுக்காக மரக்காணத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் உப்பளத் தொழிலாளியின் மகன். அம்மா முதன்முதலில் பாத்தியில் இறங்கியபோது கால் வெடிப்பெல்லாம் தீயாய் எரிந்ததாம். கூட வேலை செய்த பெரியம்மா சொன்ன ஒரே ஆறுதல், "பழகிடும்". பழகியது. தோல் தடித்தது. ஆனால் உப்பு அரிப்பதை நிறுத்தவில்லை. வலிதான் தெரியாமல் போனது.

என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டூட்டி ரூமில் முதல் கேள்வி, "எந்த ஊரும்மா?" மரக்காணம் என்றதும் அடுத்த கேள்வி, "மரக்காணத்துல எந்தப் பக்கம்?" 2013 ஏப்ரல் 25 அன்று தலித் வீடுகள் எரிக்கப்பட்ட ஊர் இது. அந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து பெட்பேன் எடுப்பதும் சீழ்ப் புண்ணைத் துடைப்பதும் அவளுக்கே வந்தன. ஊசி போடுவதும் ஐ.வி. லைன் போடுவதும் அவளோடு சேர்ந்த மற்றவர்களுக்கு. ஏன் என்று கேட்டதற்கு மூத்த சிஸ்டர் சொன்னார்: "புதுசுன்னா அப்படித்தான். பழகிடும்."

நோயாளியின் மலத்தைத் துடைப்பது இழிவல்ல. அதுவும் செவிலியம்தான். எல்லாரும் முறை வைத்துச் செய்தால் அது பணி. பிறந்த தெருவைக் கேட்டுவிட்டு ஒருத்தியிடமே தள்ளினால் அது சாதி. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டிவிட்டார்.

அந்த மூத்த சிஸ்டரை வில்லியாக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. அவருக்கும் சம்பளம் சொற்பம்தான். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. எத்தனை இடத்தில் தருகிறார்கள்? அரசு மட்டும் என்ன செய்தது? 2015இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களை 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. மேலே கேட்க முடியாத கோபம் கீழே இருப்பவள் மீது இறங்குகிறது.

அது என் தங்கையோடும் நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கு அவளைக் கேலி செய்தார்கள். "மறுநாள் நான் தனியா சாப்பிட்டேண்ணா" என்றாள். அவள் பட்ட அவமானங்களைவிட எனக்கு அதிகம் வலித்தது இதுதான். ஆய்வு மாணவனாக இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் எனக்குத் தெரியும். எதுவும் அன்று அவளுக்கு உதவவில்லை.

ஆகவே சில நடைமுறை யோசனைகள். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். எந்தத் தேதியில் யாருக்கு என்ன வேலை ஒதுக்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனியாகப் போய்ச் சண்டையிடாதீர்கள். உடன் சேர்ந்தவர்களோடு பேசுங்கள், சங்கத்தில் சேருங்கள். 2017 நவம்பரில் அந்த 7,700 ரூபாய் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதன்பிறகே ஊதியம் 14,000 ஆனது. பணி நிரந்தரத்துக்கு இன்னும் போராட வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் பழகிக்கொண்டு இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவோடு உட்காருங்கள்.

அடுத்த ஆண்டு உங்களுக்குக் கீழே ஒரு புதுப்பெண் வருவாள். ஒரு நாள் டூட்டி ரூமில் அழுவாள். அவளிடம் "பழகிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "உக்காரு, என்ன நடந்துச்சு சொல்லு" என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.