மாட்டுக்கறி விலையையும் எழுது!

தோல் பதனிடும் தொழிலாளத் தோழர்களே, ஷூ கம்பெனி வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, ஆம்பூர்ப் பெருமக்களே!

விலைவாசி ஏறியதா, இறங்கியதா என்று பார்க்கிறவர்கள் யார் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நாள்தோறும் விலையைக் கண்காணிக்கிறது. 22 பொருள்களாக இருந்த பட்டியலை 2024 ஆகஸ்டில் 38 ஆக்கினார்கள். அப்போது நாடு முழுக்க 550 மையங்களில் விலை எடுத்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் பட்டியலை வாசித்துப் பாருங்கள். நெய் இருக்கிறது. வெண்ணெய் இருக்கிறது. முட்டை இருக்கிறது. மிளகும் சீரகமும்கூட இருக்கின்றன. கறி இல்லை! உழைக்கிறவன் வாங்கும் மாட்டுக்கறி இல்லவே இல்லை!

பட்டியலில் இருந்தால் என்ன ஆகும்? 2023 ஜூலையில் பட்டியலிலிருந்த தக்காளியின் விலை எகிறியபோது அரசே வேனில் வைத்து மலிவாக விற்றது. அன்றாடம் எழுதப்படும் விலை ஆட்சியாளர் கண்ணில் படும். எழுதப்படாத விலையை யார் கேட்பார்?

"இறைச்சியும் மீனும் விலைக் குறியீட்டெண்ணில் இருக்கின்றனவே" என்பார்கள். இருக்கின்றன. 2012 அடிப்படையிலான வரிசையில் இறைச்சி, மீன் எல்லாம் சேர்ந்த குழுவுக்கு 100-க்கு 3.61 எடை இருந்தது. ஆட்டுக்கறியும் மீனும் கோழியும் கலந்த அந்த அகில இந்திய எண்ணில் ஆம்பூர்க் கடையின் விலையைத் தேடிக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்கறிக் கடை வாசலில் நின்று பாருங்கள். ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே கிடைப்பதால்தான் இங்கே வருகிறார்கள். விலை ஏறிய வாரம் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு கிலோ வாங்கியவர் முக்கால் கிலோ கேட்பார். அடுத்த ஏற்றத்தில், "அரைக்கிலோ போதும் பாய், எலும்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்பார். அதற்கும் மேலே போனால் குடல், நுரையீரல். குழம்பு சட்டி நிறையத்தான் கொதிக்கும். அதை நிரப்பியிருப்பது உருளைக்கிழங்கு! இந்த இழப்பு எந்தப் பஞ்சப்படியில் ஈடாகிறது, சொல்லுங்கள்!

கறி விலை ஊருக்கு ஊர் மாறுவதற்குக் காரணம் உண்டு. மாட்டை வாங்கி அறுக்கிற வியாபாரி போட்ட முதலைக் கறியில் மட்டும் எடுப்பதில்லை, தோலிலும் எடுக்கிறார். தோல் விலை விழுந்தால் அந்த நட்டம் கறி விலையில் ஏறும். தோல் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டு வரத்து தடைபட்டாலும் விலை ஏறும். 2017 மே மாதம், அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி போட்டது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. ஆனாலும் பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றிய மாடு வழியில் மறிக்கப்பட்டால், கேரளத்தில் கறி வாங்குகிறவன்தான் காசு கொடுக்கிறான். ஊர்வாரியாக எழுதினால்தான் இந்த உண்மை வெளிச்சத்துக்கு வரும்.

அமெரிக்காவில் அரைத்த மாட்டுக்கறி ராத்தல் என்ன விலை என்று அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பே மாதாமாதம் வெளியிடுகிறது. வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என்று வட்டாரவாரியாகவும் தருகிறது. 2025 ஜூனில் அது சராசரி 6 டாலரைத் தாண்டியபோது அந்த நாடே பேசியது. அவர்களால் முடிகிறது. நம்மால் ஏன் முடியாது?

முடியாமல் இல்லை, மனமில்லை! 2022 மே மாதம் இதே ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். நீங்கள் எதிர்த்தீர்கள். மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். தட்டிலிருந்து நம் சோற்றை ஒதுக்கிய அதே மனம்தான் கணக்கிலிருந்தும் ஒதுக்குகிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து கேட்கிறோம். அன்றாட விலைப் பட்டியலில் கறியைச் சேர்! மாடு வேறு, எருமை வேறு. எலும்போடு ஒரு விலை, எலும்பில்லாமல் ஒரு விலை என்று பிரித்து எழுது! மாவட்டவாரியாக வெளியிடு! அந்த விலையை வைத்துப் பஞ்சப்படியைக் கணக்கிடு!

அரசு எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும் வாரந்தோறும் தன் ஊர்க் கறி விலையை நோட்டில் குறிக்கட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் முதலாளியின் மேசைமேல் முதலில் வைக்கப்படுவது அந்த நோட்டாக இருக்கட்டும்!