காகித ஆலையின் கருநீர்



உத்தியோகத்தின் பொருட்டுத் தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியமர்ந்துள்ள தமிழர் இல்லங்களில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தில்லியிலிருந்து நாகபுரிக்கும், நாகபுரியிலிருந்து கொல்கத்தாவுக்கும் மாறுதல் உத்தரவு வரும்போதெல்லாம் அப்பெட்டியும் உடன் பயணம் செய்யும். பழைய வாரப் பத்திரிகைகளும், தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகளும் அதனுள் உறங்கும். திறந்து பார்த்தால் இரண்டு செய்திகள் உடனே புலனாகும். தாள் பழுப்பேறி, தொட்டால் ஒடியும் நிலையில் இருக்கும். அதனோடு இனிப்புக் கலந்த மெல்லிய மணம் ஒன்றும் எழும். பழுப்பு நிறத்தை உண்டாக்கியதும், அந்த மணத்தில் ஒரு பங்கைத் தந்ததும் லிக்னின் என்னும் ஒரே பொருள்தான். காகிதத் தொழிலில் அப்பொருள் அடையும் கதியைப் பற்றி இன்று சில செய்திகள் கூற விழைகின்றேன்.

மரத்தின் உடலில் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் இருப்பதை நாம் அறிவோம். அந்நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்புத் தருவது லிக்னின். கான்கிரீட்டில் இரும்புக் கம்பியின் இடம் செல்லுலோஸுக்கு உரியதென்றால், சிமெண்டின் இடம் லிக்னினுக்கு உரியது. உலர்ந்த மரத்தில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை இதுவே. இஃது இல்லையேல் தேக்கும் தேவதாருவும் நிமிர்ந்து நிற்கமாட்டா.

மரத்துக்கு உயிர்நாடியான இப்பொருள் காகிதம் செய்வோருக்கு வேண்டாத விருந்தாளி. மரத்தை வெறுமனே அரைத்துச் செய்யும் மலிவுத் தாளில் அது தங்கிவிடுகின்றது. காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் பழுப்பாகின்றது. வெண்மை மாறாத தாள் வேண்டுமென்றால் லிக்னினைக் கரைத்து நீக்கவேண்டும். பெஞ்சமின் டில்க்மன் என்னும் அமெரிக்கர் கந்தகச் சார்புள்ள அமிலக் கரைசலில் மரச் சிம்புகளை வேகவைத்து நார் பிரிக்கும் முறைக்கு 1867-இல் உரிமை பெற்றார். சல்ஃபைட் முறை என்று அதற்குப் பெயர். பின்னர் 1879-இல் டான்சிக் நகரில் கார்ல் டால் என்பவர் காஸ்டிக் சோடாவையும் சோடியம் சல்ஃபைடையும் கொண்டு வேகவைக்கும் முறையைக் கண்டார். உறுதியான தாள் தருவதால் அதற்குக் கிராஃப்ட் முறை என்று பெயர் வழங்கலாயிற்று. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். எந்த முறையாயினும், கொப்பரையில் இட்ட மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வெண்கூழாக வெளிவரும். எஞ்சிய பாதி, லிக்னினும் சர்க்கரைப் பொருள்களுமாக, வேகவைத்த நீரில் கரைந்து நிற்கும். கிராஃப்ட் ஆலையில் அந்நீர் தார் போலக் கறுத்திருக்கும். ஆங்கிலத்தில் அதனைப் பிளாக் லிக்கர் என்பர்.

எம்முடைய மொழிபெயர்ப்புத் தொழிலில் இச்சொல் ஒருமுறை சிறு நகைப்பை விளைவித்தது. ஒரு தொழில்துறை அறிக்கையைத் தமிழாக்கிய இளம் நண்பர் ஒருவர், 'ஆலையில் நாள்தோறும் உற்பத்தியாகும் கறுப்பு மது' என்று எழுதிவிட்டார். மதுவிலக்குத் துறைக்கு எழுதிய கடிதமோ என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். கருநீர் என்று பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் அந்நண்பர் முற்றிலும் பொய் சொல்லிவிடவில்லை. சல்ஃபைட் ஆலையின் கழிவு நீரிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயம் எடுக்கும் தொழில் சுவீடனில் 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது!

கழிவு நீரை என்ன செய்வது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் ஆலைகள் அறிந்திருந்த விடை, அருகிலுள்ள ஆறு. நீரிலுள்ள சர்க்கரைப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது ஆற்றின் பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுத் திணறி மடியும். லிக்னினோ நுண்ணுயிர்களுக்கும் எளிதில் செரிப்பதில்லை; ஆகவே பழுப்பு நிறம் பல மைல் தூரம் ஆற்றோடு செல்லும்.

கனடா நாட்டில் ஜார்ஜ் டாம்லின்சன் என்பவர் 1930-களில் ஒரு புதுவகை உலைக்கு வடிவம் தந்தார். கிராஃப்ட் ஆலையின் கருநீரைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, அவ்வுலையில் தெளித்து எரிப்பர். லிக்னின் விறகாகி எரிந்து நீராவி தரும். உலையின் அடியில் சோடியம் உப்புகள் உருகி வழியும். அவற்றைச் சுண்ணாம்புடன் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் வேகவைப்பதற்குரிய கரைசல் மீண்டும் கிடைத்துவிடும். இன்று உலகின் மரக்கூழில் மிகப் பெரும்பகுதி கிராஃப்ட் முறையில்தான் செய்யப்படுகின்றது. அங்கெல்லாம் லிக்னினின் கதி இவ்வுலைதான்.

லிக்னின் எல்லாம் வீணாக எரிக்கப்படுகின்றதே என்று அங்கலாய்ப்போர் உண்டு. அக்கூற்றை நான் அப்படியே ஏற்கத் தயங்குகின்றேன். ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தந்து, விலையுயர்ந்த இரசாயனங்களையும் மீட்டுத் தரும் ஒரு பொருளைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? அதனை எடுத்து வேறொன்று செய்ய விரும்புவோர், அதற்கு ஈடாக எரிக்கப்படும் நிலக்கரியின் விலையையும் தம் கணக்கில் எழுதவேண்டும். பல அழகிய திட்டங்கள் இந்த ஒரு வரியில்தான் இடறி விழுந்திருக்கின்றன.

சல்ஃபைட் ஆலைகளின் நிலை வேறு. பழைய ஆலைகள் சுண்ணாம்பைச் சார்ந்தவை. அவற்றின் கழிவு நீரை எரித்து இரசாயனங்களை மீட்பது ஆதாயமாக இல்லை. எனவே அந்நீரை எதற்கேனும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்னும் நெருக்கடி பிறந்தது. அவ்வாலைகளில் லிக்னின் கந்தகச் சேர்க்கை பெற்று, நீரில் எளிதில் கரையும் லிக்னோசல்ஃபொனேட் ஆக மாறியிருக்கும்.

அதன் பயனுக்கு முதல் சாட்சி கொத்தனார். சிமெண்டில் நீர் ஊற்றியதும் அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன; நடுவே நீர் சிறைப்படுகின்றது. கலவை இறுகலாக இருக்கிறதென்று கொத்தனார் இன்னும் ஒரு வாளி நீர் ஊற்றுகின்றார். மிகையான நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லக் கான்கிரீட் வலுவிழக்கின்றது. சிமெண்டின் எடையில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பங்கு லிக்னோசல்ஃபொனேட் சேர்த்தால், அது துகள்களின் மேல் படிந்து எதிர்மின்னூட்டம் தருகின்றது. துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. சிறைப்பட்ட நீர் விடுதலை பெறுகின்றது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு நீரைக் குறைத்தும் கலவை இளக்கமாகவே இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கழிவு நீரிலுள்ள சர்க்கரை கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே அதனை முன்னதாக நீக்கியோ புளிக்கவைத்தோ அகற்றவேண்டும். சாராயம் எடுத்து எஞ்சிய நீரே கட்டடத்துக்குச் சிறந்தது என்றாயிற்று!

மின்கலத்தின் கதை இன்னும் சுவையானது. மோட்டார் வண்டிகளிலும், மின்வெட்டுக்கு அஞ்சி நம் வீடுகளில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர்களிலும் உள்ள ஈயமின்கலத்தில், நேர்த் தகடும் எதிர்த் தகடும் ஒன்றையொன்று தொடாதபடி இடையே தடுப்பு வைப்பது வழக்கம். முற்காலத்தில் அத்தடுப்பு மெல்லிய மரப்பலகை. அமிலத்தில் மரம் அரிக்கப்படுகின்றதே என்று ரப்பர் முதலிய புதுத் தடுப்புகளைப் புகுத்தினர். தடுப்பு நீடித்தது, ஆனால் மின்கலத்தின் திறன் குறைந்தது. குளிர்காலத்தில் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் அது கைவிட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மரப்பலகையிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்த லிக்னின், எவரும் அழையாமலே எதிர்த் தகட்டுக்குத் தொண்டு புரிந்துவந்திருக்கின்றது! மின்சாரம் எடுக்கும்போது ஈயத்தின் மேல் ஈயச் சல்ஃபேட் படிகின்றது. லிக்னின் இல்லையேல் அப்படிவு அடர்ந்த தோலாகி வழியை அடைத்துவிடும். இருந்தால், கடற்பஞ்சு போல் நுண்துளையுள்ளதாக நிற்கும். அன்று முதல் எதிர்த் தகட்டுக் கலவையில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு லிக்னோசல்ஃபொனேட்டைச் சேர்த்து வருகின்றனர். மேசைக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் நேயர்கள் பலரும் தாம் அறியாமலே ஒரு சிட்டிகை மரச் சத்தைப் போற்றி வருகின்றனர்.

சாயத்தூளையும் பூச்சி மருந்தையும் நீரில் பரவச் செய்தல், கால்நடைத் தீவனத்தை உருண்டையாக்கிப் பிடித்தல், மண் சாலையில் புழுதியடக்கல், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றை இளக்கல், தோல் பதனிடல் முதலிய பிற பயன்களைப் பெயர் சொல்லும் அளவில் நிறுத்திக்கொள்கின்றேன்.

ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலினைப் பற்றிச் சொல்லாமல் போவது முறையாகாது. பைன் மரச்சாற்றிலுள்ள ஒரு பொருளிலிருந்து வனிலினை உண்டாக்கலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானிகளான டீமனும் ஹார்மனும் 1874-இல் காட்டினர். லிக்னினின் கட்டுமானத்திலேயே வனிலினின் சாயல் இருப்பதுதான் இதற்கு அடிப்படை. சல்ஃபைட் கழிவு நீரிலிருந்தே வனிலின் எடுப்பதைப் பற்றி மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹிபர்ட் என்னும் பேராசிரியரும் அவர் மாணவரும் ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டனர். அம்மாணவர், கருநீரை எரிக்கும் உலை கண்ட அதே டாம்லின்சனின் மைந்தர். தந்தை எரிப்பதற்கு வழி கண்டார். மைந்தர் மணப்பதற்கு வழி கண்டார்.

தொழில் வேகமாக வளர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தொரோல்டு என்னும் ஊரிலிருந்த ஒரே ஒரு காகித ஆலை, 1981-இல் உலகின் செயற்கை வனிலின் தேவையில் நூற்றுக்கு அறுபது பங்கை அளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கு வனிலின் உற்பத்தி நின்றுபோயிற்று. கழிவை ஒழிக்கப் பிறந்த தொழிலே, ஒரு கிலோ வனிலினுக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட காரக் கழிவை ஈன்றது என்பது இதிலுள்ள முரண். மறுபுறம் சல்ஃபைட் முறையே வழக்கொழிந்து கிராஃப்ட் முறை பரவிவந்தது. இன்று வனிலினில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து பிறக்கின்றது. ஆயினும் நார்வே நாட்டில் கிளோமா ஆற்றங்கரையில் சார்ப்ஸ்போர்க் நகரிலுள்ள பொரேகார்டு ஆலை 1962-இல் தொடங்கிய மரவனிலின் தொழிலை இன்றும் விடாது நடத்துகின்றது. அங்கே ஆயிரம் கிலோ உலர்மரத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோ செல்லுலோஸும், 400 கிலோ லிக்னின் பொருள்களும், 50 கிலோ சாராயமும், 3 கிலோ வனிலினும் எடுக்கின்றனர். அந்த மூன்று கிலோவை மட்டும் நம்பி அவர்கள் ஆலை நடத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

துணைப்பொருளின் வாழ்வு தலைப்பொருளின் வாழ்வைச் சார்ந்தது. பின்லாந்தின் சுனிலா ஆலையில் கிராஃப்ட் கருநீரிலிருந்து லிக்னினைத் தனியே பிரிக்கும் தொழில் 2015-இல் பெரிய அளவில் தொடங்கிற்று. ஒட்டுப்பலகைப் பசையில் பீனாலுக்கு மாற்றாகவும், புதுவகை மின்கலங்களுக்கு வேண்டிய கரியாகவும் அதனைப் பயன்படுத்த முயற்சிகள் நடந்தன. கூழ் ஆலையோ 2023-இல் மூடப்பட்டது. கூழ் நின்றதும் லிக்னினுக்கு ஊற்றுக்கண்ணும் அடைபட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970-களில் காகிதத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கோதுமை வைக்கோல், கரும்புச் சக்கை ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் சிற்றாலைகளுக்கு அரசு ஊக்கம் அளித்தது. முசாபர்நகர், காசிப்பூர்ப் பக்கங்களில் வாழும் தமிழன்பர்கள் அவ்வாலைகளையும், அவற்றின் கீழ்ப்புறம் ஓடிய நீரின் நிறத்தையும் கண்டிருப்பர். பேராலைக்குரிய மீட்புலை வாங்கும் சக்தி நாளொன்றுக்கு முப்பது டன் தாள் செய்யும் ஆலைக்கு ஏது? அதனினும் பெரிய இடையூறு வைக்கோலிலேயே உண்டு. அதிலுள்ள சிலிக்கா என்னும் மணற்சத்து கருநீரில் கரைந்து வந்து, காய்ச்சும் குழாய்களில் பாறையாகப் படிந்துவிடும். எனவே கருநீர் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் போயிற்று. அந்நீரைக் குடித்த கால்நடை ஒரு பக்கம். வைக்கோல் விற்ற உழவனும் ஆலைக் கூலியாளும் மறு பக்கம். இருவரும் பெரும்பாலும் ஒரே கிராமத்தார். சில வேளை ஒரே வீட்டார்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003-இல் தொழிலகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இரசாயன மீட்பு வசதி அமைத்தல், பழங்காகிதத்துக்கு மாறுதல், அல்லது கதவை மூடுதல் என்னும் வழிகளே அவ்வாலைகளின் முன் நின்றன. பல ஆலைகள் பழங்காகிதத்துக்கு மாறின, சில மூடப்பட்டன. கருநீரில் அமிலம் ஊற்றி லிக்னினைத் திரியச் செய்து எடுத்துவிடலாம் என்னும் யோசனையும் கூறப்பட்டது. பால் திரிவது போல அது திரியும் என்பது உண்மையே. ஆனால் திரிந்தது வடிகட்டுதற்கு அரிய சேறு. வடித்த நீரிலோ சர்க்கரைச் சத்தும் உப்பும் அப்படியே நிற்கும். நிறம் போய்விட்டதால் குற்றமும் போய்விட்டது என்று எண்ணுவது கண்ணை ஏமாற்றுவதாகும்.

சகாரன்பூரிலுள்ள மத்திய காகித ஆராய்ச்சி நிலையத்தார் சிலிக்காவை முதலில் விலக்கும் வழியை ஆராய்ந்துள்ளனர். புகைபோக்கியில் வீணே போகும் கரியமில வாயுவைக் கருநீரில் செலுத்தினால் அதன் காரத்தன்மை மெல்லத் தணியும். ஓர் எல்லை வரை தணிந்ததும் சிலிக்கா மட்டும் படிந்துவிடும். லிக்னின் கரைந்தே நிற்கும். அந்நிலையில் வடிகட்டிய நீரைக் காய்ச்சி எரிக்கலாம். அல்லது மேலும் வாயு செலுத்தி லிக்னினைத் தனியே எடுக்கலாம். அந்த எல்லையைச் சற்றே தாண்டினாலும் லிக்னினும் சிலிக்காவோடு கூடவே விழுந்துவிடும். எனவே அவ்வெல்லையைக் கவனமாகக் காக்கவேண்டும்.