நம்ம காட்டுத் தானியம் நம்ம பிள்ளைகள் தட்டுக்கு!



புரட்டாசியில் மழையை நம்பி விதைக்கிறோம். தையில் குதிரைவாலியும் கம்பும் உளுந்தும் களத்துக்கு வருது. கடன் கொடுத்தவர் வாசலில் நிக்கிறார். வேற வழியில்லாம கமிஷன் கடையில் சொன்ன விலைக்குப் போட்டுட்டு வர்றோம். அதே குதிரைவாலி உமி நீக்கிப் பாக்கெட்டில் ஏறினால் நாமே வாங்க முடியாத விலை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, மாணவர் விடுதி என்று எத்தனை அடுப்பு தினமும் எரியுது! அந்த உலையில் நம்ம தானியம் விழுதா?

1956-இல் மதிய உணவு கொண்டுவந்த காமராசர் நம்ம விருதுநகர்க்காரர். 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது, வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் கிடைக்கும் சிறுதானியத்தில் சமைத்துத் தரலாம் என்று அரசே சொன்னது. 'தரலாம்' என்பதைத் 'தர வேண்டும்' என்று மாற்றுங்கள், அதையும் எங்களிடமே வாங்குங்கள் என்கிறோம்.

கணக்குப் பாருங்க. பிள்ளைக்கு 50 கிராம் என்றால் 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ. வாரம் இரண்டு நாளுக்கு 10 கிலோ. 40 வாரத்துக்கு 4 குவிண்டால். இப்படி 50 பள்ளிக்கு 20 டன்!

நடக்குமான்னு கேக்கலாம். தருமபுரியில் நடந்தது. 2022-23 பருவத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகம் கேழ்வரகைக் குவிண்டால் 3,578 ரூபாய்க்கு விவசாயிகளிடம் நேரடியாக வாங்கியது. 2023-இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரேசில் நாட்டில் பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்காவது குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று 2009-இல் சட்டமே போட்டார்கள். நம்ம குதிரைவாலிக்கு மத்திய அரசின் ஆதரவு விலைகூடக் கிடையாது.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. தனி ஆளாக அஞ்சு மூட்டை கொண்டுபோனால் யாரும் வாங்க மாட்டாங்க. மாதாமாதம் ஒரே அளவு, ஒரே தரம், கல் மண் இல்லாம, பில்லோடு கேப்பாங்க. ஊர்தோறும் குழுவாகச் சேர்வோம். சேர்ந்து காயவைப்போம், சலிப்போம், எடை போடுவோம். ஈர மூட்டை ஒண்ணு போனாலும் எல்லார் பேரும் கெடும்.

நமது கோரிக்கைகள்:

1. பள்ளி, விடுதிச் சமையலுக்கு உள்ளூர் விவசாயக் குழுக்களிடம் நேரடிக் கொள்முதல்.
2. குதிரைவாலிக்கு விதைப்புக்கு முன்பே விலை அறிவிப்பு.
3. ஒன்றியத்துக்கு ஒரு உமி நீக்கும் இயந்திரம்.
4. சரக்கு எடுத்த 15 நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம். தாமதமானால் மறுபடியும் கமிஷன் கடைதான் கதி.

ஊருக்கொரு மனு எழுதுவோம்! வீட்டுக்கொரு கையெழுத்துப் போடுவோம்! வட்டாட்சியர் அலுவலகம் நோக்கித் திரள்வோம்!