இஞ்சின் நடுக்கமும் ஒத்ததிர்வுப் பாடமும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை உள்ளே வரும்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தேன். ஐம்பதுக்கும் மேல் இருக்கும். நம்மில் பலர் தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் இரு சக்கர வண்டியில்தான் போய் வருகிறோம். பள்ளிக்குப் போய் இறங்கியதும் உள்ளங்கை மரத்துப்போய், சாக்பீஸ் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும் அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பரவாயில்லை, நான் தனி ஆள் இல்லை.

எனக்கு அந்தத் தொல்லை இரண்டு ஆண்டுகள் இருந்தது. போக 38 கிலோமீட்டர், வர 38 கிலோமீட்டர். வண்டி 45-ஐத் தொட்டதும் ஹேண்டில் பாரும் ஃபுட் ரெஸ்ட்டும் ஒரு மாதிரி நடுங்கும். 55-ஐத் தாண்டினால் அடங்கிவிடும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒருநாள் பதினொன்றாம் வகுப்பில் ‘அலைவுகள்’ பாடம். ஒத்ததிர்வு நடத்தினேன். பாலத்தின் மேல் படைவீரர்கள் ஒரே சீராக நடக்கக் கூடாது என்ற வழக்கமான உதாரணத்தையே சொன்னேன். அடுத்த வாரம் தேர்வு வைத்தேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சனி, ஞாயிறுகளில் மெக்கானிக் கடையில் வேலை செய்கிறவன் அவன். ‘இவனுக்கு இயற்பியல் வராது, வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா’ என்று வகுப்பாசிரியரிடம் பேசிக்கூட விட்டேன்.

அன்று மாலை நான் வண்டியை எடுக்கும்போது அவனே வந்தான். “சார், உங்க வண்டி நாப்பத்தஞ்சுல மட்டும்தானே ஆடுது? மேல போனா ஆடாதுல்ல?” என்றான். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “தினமும் நீங்க வர்ற சத்தத்தை வச்சுச் சொல்றேன் சார். இஞ்சின் மவுண்ட் போல்ட் லூசா இருக்கும். முன்னாடி இருக்கிறது” என்றான். மறுநாள் ஸ்பேனரோடு வந்து, குனிந்து ஒரு போல்ட்டை முக்கால் சுற்று முறுக்கினான். 45-இல் வந்த நடுக்கம் போய்விட்டது.

அவன் செய்தது என்ன என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இஞ்சினை சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் அந்த அமைப்பின் விறைப்பு குறைகிறது. விறைப்பு குறைந்தால் இயல்பு அதிர்வெண் குறைகிறது. குறைந்த அந்த அதிர்வெண், 45 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் சுழலும் வேகத்தோடு ஒத்துப்போகிறது. போல்ட்டை முறுக்கியதும் அது மறுபடி மேலே போய்விடுகிறது. நான் கரும்பலகையில் எழுதிய பாடத்தை அவன் ஸ்பேனரால் செய்து காட்டிவிட்டான். வரி எழுதத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் இஞ்சினை வண்டியில் எப்படியெல்லாம் பொருத்துகிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில், நடுக்கம் எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. பிஸ்டனும் அதோடு ஏறி இறங்கும் பகுதிகளும் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3600 சுற்று, அதாவது நொடிக்கு 60 சுற்று ஓடும்போது, பிஸ்டனைத் திருப்ப ஏறத்தாழ 3200 நியூட்டன் விசை தேவைப்படுகிறது. முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசை, நொடிக்கு 60 முறை மேலும் கீழும் மாறி மாறி! சுற்று பாதியானால் விசை கால்பங்காகும். ஏனென்றால் அது கோண வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கிராங்கில் எதிர் எடை வைத்து இதில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். ஆனால் அந்த எதிர் எடை வட்டமாகச் சுழல்வதால், மேலும் கீழுமாக இருந்த நடுக்கத்தில் ஒரு பகுதி முன்னும் பின்னுமாக மாறிவிடும். ஒற்றை சிலிண்டரில் எதிர் எடையை மட்டும் வைத்து நடுக்கத்தை முழுதும் ஒழிக்க முடியாது.

அப்படியானால் மிச்சமுள்ள நடுக்கத்தை என்ன செய்வது? இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, இஞ்சினை போல்ட் போட்டு சேசிஸோடு இறுக்கிவிடுவது. நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் இஞ்சினும் சேசிஸுக்கு ஒரு எலும்பாக நின்று வலு சேர்க்கிறது. 1946-இல் வந்த இங்கிலாந்தின் வின்சென்ட் ரேபிட் வண்டியில் முன்பக்கக் குழாய்களையே எடுத்துவிட்டு இஞ்சினையே சேசிஸின் பகுதியாக்கினார்கள். எடை குறைவு, வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் இஞ்சின் நடுங்கினால் அது நேராகக் கைக்கும் காலுக்கும் வரும்.

இரண்டாவது வழி, இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ரப்பர் வைப்பது. இதில்தான் நமக்கான பாடம் அடங்கியிருக்கிறது. ஒரு சோதனை செய்வோம்.

நான்கைந்து ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, ஒரு முனையில் ஒரு பூட்டைக் கட்டியிருக்கிறேன். மேல்முனை என் கையில். கைதான் நடுங்கும் இஞ்சின், பூட்டு நாம் உட்காரும் சேசிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுகிறேன். பூட்டும் கூடவே வருகிறது. ரப்பரால் ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் வேகப்படுத்துகிறேன். பாருங்கள், கை ஓர் அங்குலம்தான் அசைகிறது, பூட்டோ துள்ளிக் குதிக்கிறது. இது ஒத்ததிர்வு. இப்போது கையை மிக வேகமாக ஆட்டுகிறேன். கை ஆடுகிறது, பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது!

ரப்பர் மவுண்ட்டின் கதை முழுவதும் இதுதான். இயல்பு அதிர்வெண்ணைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் நன்மை செய்யத் தொடங்கும். அதற்குக் கீழே தீமைதான் செய்யும். இஞ்சினின் எடையால் ரப்பர் 1 மி.மீ. அமுங்குகிறது என்று கொள்வோம். இயல்பு அதிர்வெண் நொடிக்குச் சுமார் 16 வரும். நிமிடக் கணக்கில் அது 950 சுற்று. வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங் வேகம் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அதனால்தான் ரப்பர் மவுண்ட் வண்டி சிக்னலில் நிற்கும்போது குலுங்குகிறது. அதே வண்டி 3600 சுற்றில் ஓடும்போது, கணக்குப்படி, நடுக்கத்தில் 13-இல் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேரும். ஆகவே ரப்பர் மவுண்ட் வண்டியை நிற்கவைத்துப் பார்த்து மதிப்பிடக் கூடாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் மெத்தென்ற ரப்பரை வைத்துவிடலாமே என்று கேட்கலாம். இஞ்சின் பக்கவாட்டில் அசைந்தால் செயின் நேர்கோடு பிசகும், வளைவில் வண்டி தள்ளாடும். இதற்கு விடை தேடியவர்கள் இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனத்தார். அவர்களுடைய இரட்டை சிலிண்டர் இஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். அதனால் நடுக்கத்தில் அது ஒரு பெரிய ஒற்றை சிலிண்டர் போலத்தான். 1967-இல் அவர்கள் அறிமுகப்படுத்திய கமாண்டோ வண்டியில் இஞ்சின், கியர் பெட்டி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அந்தத் தொகுதியை ரப்பரில் ஏற்றினார்கள். செயின் பிசகாது. மேலும் கீழும், முன்னும் பின்னும் அசையலாம், பக்கவாட்டில் மட்டும் அசையக் கூடாது என்று மெல்லிய தகடுகள் வைத்து இடைவெளியை மிகக் குறைத்தார்கள். இந்த அமைப்புக்கு ஐசோலாஸ்டிக் என்று பெயர். அந்தத் தகடு தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் வண்டி வளைவில் ஆடத் தொடங்கும். அதனால் அவ்வப்போது சரிபார்த்தே ஆக வேண்டும்.

நம் ஆசிரியைகள் பலர் ஓட்டும் ஸ்கூட்டரிலும் இதே எண்ணம் இருக்கிறது. அதில் இஞ்சினும் பின் சக்கரமும் ஒரே தொகுதி. அது ரப்பர் புஷ் வைத்த இணைப்பில் தொங்குகிறது. புஷ் வெடித்துவிட்டால் வண்டியின் பின்பகுதி அலைகிற மாதிரி தோன்றும்.

மூன்றாவது வழி, நடுக்கத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. கிராங்க் சுழலும் அதே வேகத்தில், ஆனால் எதிர்த்திசையில், எடை வைத்த ஒரு தண்டைச் சுழல விடுகிறார்கள். பேலன்சர் ஷாஃப்ட் என்பது அதுதான். கிராங்கின் எதிர் எடையும் இந்தத் தண்டின் எடையும் முன்பின் திசையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல்கீழ் திசையில் இரண்டும் சேர்ந்து பிஸ்டனை எதிர்க்கும். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியர் 350 வண்டியில் கொண்டுவந்த புதிய 349 சிசி இஞ்சினில் இது இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 2000-ஆம் ஆண்டு சாஃப்டெய்ல் வண்டிகளில் பேலன்சர் வைத்த இஞ்சினை நேரடியாக சேசிஸில் இறுக்கியது. அதே நிறுவனம் 2004-இல் ஸ்போர்ட்ஸ்டர் வண்டியை ரப்பர் மவுண்ட்டுக்கு மாற்றியது. ஒரே நிறுவனம், ஒரே காலம், இரண்டு வேறு விடைகள். பேலன்சருக்கும் விலை உண்டு. எடை கூடும், உள்ளே பாகங்கள் கூடும், கொஞ்சம் ஆற்றலும் செலவாகும்.

ஆக, எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. இறுக்கிப் பிடித்தால் நிலைத்தன்மை கிடைக்கும், நடுக்கம் வரும். விட்டுப் பிடித்தால் சுகம் கிடைக்கும், கவனிப்பு தேவைப்படும். எந்த வேகத்தில் அதிக நேரம் ஓட்டப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது டயர் காற்றும் ஷாக் அப்சார்பரும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? தொடக்க வகுப்புகளில் பூட்டும் ரப்பர் பேண்டும் போதும். குழந்தைகளே ஆட்டிப் பார்த்து, எப்போது குதிக்கிறது, எப்போது நிற்கிறது என்று சொல்லட்டும். ஒத்ததிர்வு என்ற சொல்லே வேண்டாம். நடுநிலை வகுப்புகளில் 10 நொடிக்கு எத்தனை அலைவு என்று எண்ணச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் பூட்டால் ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அந்த நீட்சியை வைத்து அலைவு நேரம் காணலாம். 10 செ.மீ. நீண்டால் 10 நொடிக்கு ஏறத்தாழ 16 அலைவுகள் வர வேண்டும். ரப்பர் என்பதால் சற்று முன்பின் இருக்கும். ஏன் அந்த வேறுபாடு என்பதும் நல்ல கேள்விதான்.

பிறகு உங்கள் வண்டியையே காட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கண்ணாடியில் பிம்பம் கலங்குவது ஏன்? ஹேண்டில் முனையில் இரும்புக் குண்டு எதற்கு? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த மாணவன் உங்கள் வகுப்பிலும் இருப்பான். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வண்டி சென்டர் ஸ்டாண்டில், இஞ்சின் அணைந்த நிலையில், சூடு ஆறியபின் இருக்க வேண்டும். பார்ப்பது மட்டும்தான், 18 வயதாகாத மாணவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த மாணவனை நான் வேறு பிரிவுக்கு மாற்றவில்லை. அடுத்த தேர்வில் ஒத்ததிர்வுக் கேள்விக்கு உதாரணமாகத் தன் கடைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றி எழுதியிருந்தான். நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தன. இயற்பியலில் பிழையே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அந்த வரிகளை அவன் முதல் தேர்விலேயே எழுதியிருப்பான். அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து நான் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

மாலை வீடு திரும்பும்போது உங்கள் வண்டி எந்த வேகத்தில் நடுங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். நாளை வகுப்பில் அதைச் சொல்லி, ஏன் என்று மாணவர்களிடம் கேளுங்கள். மவுண்ட் போல்ட்டை மெக்கானிக்கிடம் காட்டவும் மறந்துவிடாதீர்கள்.