படம் முடிந்த பிறகு



2019 பிப்ரவரியில் ஓர் ஆஸ்கர், 2023 மார்ச்சில் இன்னோர் ஆஸ்கர். இரண்டும் குறும் ஆவணப்படத்துக்குக் கிடைத்தவை. முதல் படம் 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்'. அதில் ஓடுகிற நாப்கின் இயந்திரம் கோவைக்காரர் ஒருவர் செய்தது. இரண்டாவது 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்'. அதில் வருகிற மனிதர்களும் யானைக் குட்டிகளும் நம் கோவைக்கு மேலே நீலகிரியில், முதுமலை தெப்பக்காடு முகாமைச் சேர்ந்தவர்கள். இரண்டு படத்தின் தயாரிப்பாளர் வரிசையிலும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: குனீத் மோங்கா. டில்லியில் பிறந்து மும்பையில் தொழில் செய்பவர். கதை சொல்வதையும் மனிதர்களுக்கு உதவுவதையும் ஒரே தொழிலாகச் செய்ய முடியுமா என்று கேட்டால், இன்று பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிற பெயர் அது. அந்தக் கலையை இன்று கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கலாம்.

படத் தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிறவர் என்றுதான் நமக்குத் தோன்றும். நம் ஊருக்கு அப்படியில்லாத தயாரிப்பாளர்களும் பழக்கம்தான். கோவை ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்துத் தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார். காளையும் யானையும் பாம்பும் அவர் படங்களில் கதாநாயகனுக்குச் சமமாக நடித்தன. 1971-இல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்தார். அதுவே மறு வருடம் எம்.ஜி.ஆர். நடிக்க 'நல்ல நேரம்' ஆனது. சம்பாதித்ததில் ஒரு பங்கை முருகன் கோயில்களுக்கு என்று எடுத்து வைத்தார். மருதமலைக்குப் போகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் தேவருக்குப் படம் வேறு, தர்மம் வேறு. படத்தில் சம்பாதித்து, அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மோங்கா போன்றவர்கள் படத்தையே கொடையாக ஆக்கப் பார்க்கிறார்கள். இது இன்னும் சிக்கலான காரியம்.

மோங்காவின் தொடக்கம் தோல்வியில்தான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் 'சே சலாம் இந்தியா' என்று கிரிக்கெட் படம் ஒன்றை எடுத்தார். 2007 உலகக் கோப்பை நேரத்தில் வந்தது. இந்திய அணி முதல் சுற்றிலேயே வெளியேற, படமும் கூடவே விழுந்தது. அதை அப்படியே போட்டுவிடாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டிப் போட்ட பணத்தை மீட்டார். 2008-இல் சிக்யா என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 'தி லஞ்ச்பாக்ஸ்', 'மசான்' என்று நீளும் பட்டியலில் தமிழ்ப் படமும் உண்டு. சூர்யாவின் 2டி நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த 'சூரரைப் போற்று' 2020-ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படம் என்று தேசிய விருது பெற்றது. எந்தப் படம் யாரைப் போய்ச் சேர வேண்டும், அங்கே எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கிற பழக்கம் பள்ளிக்கூடத் திரையிடல் நாளிலேயே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த இயந்திரத்துக்கு வருவோம். அதைச் செய்த அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தகப்பனார் விபத்தில் இறந்துபோக, பதினான்கு வயதில் படிப்பை விட்டார். 1998-இல் கல்யாணம் ஆனது. மாதவிலக்கு நாட்களில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துத்தான் நாப்கின் செய்யும் வேலையில் இறங்கினார். பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார், சரிவரவில்லை. சோதித்துப் பார்க்கப் பெண்கள் யாரும் முன்வராததால், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே நடந்தார். ஊர் ஒரு மாதிரி பேசியது. மனைவியும் தாயும் விலகிப் போனார்கள். வெகு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பஞ்சல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

வெளிநாட்டு இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் விலை சொன்னார்கள். அவர் செய்தது ஏறக்குறைய 65,000 ரூபாயில் முடிந்தது. வேலை நான்கு கட்டம்தான். மரக்கூழ் அட்டையை மிக்ஸியில் அரைப்பதுபோல அரைத்து இழையாக்க வேண்டும். அந்த இழையை அச்சில் வைத்து அழுத்த வேண்டும். மெல்லிய துணி சுற்றி ஓரம் ஒட்ட வேண்டும். கடைசியாகப் புற ஊதா ஒளியில் கிருமி நீக்க வேண்டும். படிக்காத பெண்ணும் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பழுதானால் உள்ளூர் ஆளே பார்த்துவிடலாம். பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுப்பது என்று முருகானந்தம் உறுதியாக இருந்தார். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகவே கேமரா வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'பீரியட்' படம் பிறந்த விதம் சுவாரசியமானது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஓக்வுட் பள்ளி மாணவிகளும் அவர்களுடைய ஆங்கில ஆசிரியை மெலிசா பெர்ட்டனும் கேக் விற்றும் இணையத்தில் நிதி திரட்டியும் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணம் முதலில் இயந்திரத்துக்கு, பிறகுதான் படத்துக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஹாப்பூர் மாவட்டத்துக் காத்திகேரா கிராமத்தில் இயந்திரத்தை நிறுவினார்கள். ரைக்கா ஸெட்டாப்சி இயக்கினார். மோங்காவின் சிக்யா இந்தியாவில் தயாரிப்பில் கைகொடுத்தது.

26 நிமிடப் படம். மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டதும் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். வாய் திறக்க முடியவில்லை. கேமரா அவளை விட்டு நகர்வதே இல்லை. பார்க்கிற நமக்குத்தான் கை கால் ஓடாது. வெளியே பையன்களிடம் கேட்டால், ஏதோ வியாதி, பெண்களுக்குத்தான் வரும் என்கிறார்கள். பிறகு இயந்திரம் வருகிறது. முக்காடு போட்ட பெண்கள் உட்கார்ந்து நாப்கின் செய்கிறார்கள். 'ஃப்ளை' என்று பெயர் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறார்கள். ஒரு பெண் அந்த வருமானத்தில் போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்க நினைக்கிறாள். கையில் காசு வந்ததும் அவர்கள் பேச்சும் முகமும் மாறுவதைப் படம் சொல்லாமலே காட்டுகிறது. யாரையும் பாவப்பட்டவராகக் காட்டி நம் கண்ணீரை வாங்கப் பார்க்கவில்லை. இந்தப் படத்தின் முதல் சிறப்பு அதுதான்.

குறையும் உண்டு. இயந்திரம் பிறந்த ஊரைப் படம் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2012-இலேயே புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கிவிட்டது. படம் பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. இந்தியா முழுவதும் காத்திகேராதான் என்று நினைத்துக்கொள்வார். 2018-இல் வந்த 'பேட்மேன்' இந்திப் படத்திலோ முருகானந்தத்தின் கதை கோவையிலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசத்து மஹேஷ்வருக்கே குடிபோய்விட்டது. நம்ம ஊருக் கதைங்க, நம்ம ஊரே அதில் இல்லை.

அடுத்தது யானைப் படம். இயக்கிய கார்த்திகி கொன்சால்வெஸ் ஊட்டியில் வளர்ந்தவர்; கோவை ஜி.ஆர். தாமோதரன் அறிவியல் கல்லூரியில் படித்தவர். காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த ரகு என்ற குட்டியை வளர்க்கிறார்கள். பின்னால் சத்தியமங்கலம் காட்டிலிருந்து வந்த அம்மு என்ற பொம்மியும் சேர்ந்துகொள்கிறாள். ஐந்து வருடம் கூடவே இருந்து எடுத்ததால் யாரும் கேமராவுக்காக நடிப்பதாகத் தெரியவில்லை. உருண்டை பிடித்த தீனியைக் குட்டி வேண்டாமென்று தள்ளுவதும், பெள்ளி அதட்டுவதும், அது முரண்டு பிடிப்பதும் எந்த வீட்டிலும் நடக்கிற காரியம். ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கிற இடத்தில் இசையும் வசனமும் பெரிதாக இல்லை. அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிட்டது தெரிகிறது. படம் முழுவதும் தமிழில் பேசுகிறது. ஹாலிவுட் மேடைவரை அந்தத் தமிழ் அப்படியே போனது.

இங்கேயும் எனக்கு ஒரு குறை. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது. அதைப் படம் சில வரிகளில் கடந்துவிடுகிறது. தடாகம், மாங்கரை, ஆனைகட்டிப் பக்கம் இருக்கிற நேயர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2019-இல் அந்தப் பக்கம் திரிந்த சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து டாப்சிலிப்பில் விட்டார்கள். அது நடந்தே உடுமலைப் பக்கம் வந்து கரும்புக் காட்டில் நின்றது. வாழையும் கரும்பும் போன விவசாயியின் பக்கத்தையும், வழித்தடம் போன யானையின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லாத வரை யானைக் கதை பாதிக் கதைதான். அழகாக எடுத்தது தப்பில்லை. அந்த அழகு கேள்வியை மூடிவிடக் கூடாது.

சரி, படத்தால் என்ன நடந்தது? விருது கிடைத்த சில நாட்களிலேயே முதலமைச்சர் பொம்மனுக்கும் பெள்ளிக்கும் தலா ஒரு லட்சம் கொடுத்தார். தெப்பக்காடு, கோழிகமுத்தி என்ற இரண்டு யானை முகாம்களிலும் வேலை பார்க்கும் 91 பேருக்கும் தலா ஒரு லட்சம் அறிவித்தார். அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி, கோழிகமுத்தி முகாமுக்கு 5 கோடி, நம் சாடிவயலில் புதிய யானை முகாமுக்கு 8 கோடி என்று அறிவிப்புகள் வந்தன. 2023 ஆகஸ்டில் பெள்ளிக்குக் காவடிப் பணி, அதாவது பாகனுக்கு உதவியாளர் வேலை, கிடைத்தது. தமிழக அரசின் யானை முகாமில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர். தலைமுறை தலைமுறையாக யானையோடு கிடந்தவர்களை நாடு திரும்பிப் பார்த்தது ஒரு 40 நிமிடப் படத்தால்தான். அதை மறுக்க முடியாது.

அதே ஆகஸ்டில் இன்னொரு செய்தியும் வந்தது. சொன்னபடி தங்களுக்குப் பணம் வந்து சேரவில்லை என்று பொம்மனும் பெள்ளியும் படக்குழு மீது புகார் சொன்னார்கள். படக்குழு அதை மறுத்தது. நியாயம் யார் பக்கம் என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கலையில் இருக்கிற ஆபத்து அந்தச் செய்தியில் தெரிகிறது. கதைப் படத்தில் நடிகருக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஆவணப்படத்தில் தன் வாழ்க்கையையே கொடுக்கிறவருக்கு என்ன உண்டு? காசு கொடுத்தால் உண்மை கெட்டுவிடும் என்பது ஆவணப்படக்காரர்களின் பழைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படம் உலகம் சுற்றிப் பேரும் பணமும் சம்பாதித்த பிறகு, அதில் வந்தவருக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வி அந்த வாதத்தால் தீர்ந்துவிடாது.

தயாரிப்பாளரின் கைவண்ணம் தெரிய வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. இயக்குநர் காட்சியைப் பார்ப்பார். தயாரிப்பாளர் கணக்கைப் பார்க்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே, அவர்களுக்குப் புரிகிற மொழியில், ஊர்ப் பெரியவர் நாலு பேர் முன்னிலையில் பேசி எழுதி வைத்துவிட வேண்டும்: படம் யாருக்குச் சொந்தம், லாபம் வந்தால் எங்கே போகும், வராவிட்டால் என்ன, படக்குழு கிளம்பிய பிறகு அந்த ஊரில் நிற்கப்போவது எது? காத்திகேராவில் படக்குழு கிளம்பியபோது ஓர் இயந்திரமும் ஒரு தொழிலும் அங்கே நிலைத்து நின்றன. இயந்திரத்துக்கான பணமும் படத்துக்கான பணமும் ஒரே கையில் சேர்ந்ததால் அது முடிந்தது. தெப்பக்காட்டில் நிலைத்ததை அரசு செய்தது. நல்ல காரியம்தான், ஆனால் விருது கிடைக்காமல் போயிருந்தால் அதுவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். கதை சொல்கிற திறமையில் யானைப் படம் ஒரு படி மேல். மனிதர்களுக்குச் செய்ததில் என் ஓட்டு நாப்கின் படத்துக்கு.

கோவையில் காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எடுக்க வேண்டிய கதைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. சாயக்கழிவில் செத்த நொய்யலும், அந்தக் கழிவைத் தேக்கி வைத்த ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கின்றன. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடிக்கிடந்த சாயப்பட்டறைகளின் கதை இருக்கிறது. திருப்பூருக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்குகிற இளைஞர்கள், நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிற பெண் பிள்ளைகள் என்று யாரும் இன்னும் முழுதாகச் சொல்லாத வாழ்க்கைகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து அந்த மனிதர்களோடு கணக்கைப் பேசி முடித்துவிடுங்கள். நேயர்களான உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவுக்கோ தோட்டத்துக்கோ ஒரு படக்குழு வந்தால் அவர்களை வரவேற்று, காப்பி கொடுத்து உட்கார வையுங்கள், படம் முடிந்த பிறகு இங்கே என்ன இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள்.